ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபத்தொரு பனியன்கள்

மண்ணரையில் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று ஆட்டோவில் ஏறினால் டிரைவர் நாலு சந்து சுற்றுவார். சித்ரகலா வேலை பார்க்கும் கம்பெனி என்று சொன்னால் நேரே வாசலில் இறக்கிவிடுவார். புது வண்டிக்கு நம்பர் வந்ததும் அவளிடம் கொண்டுவந்து காட்டாத ஆட்டோக்காரர் அந்த ஸ்டாண்டில் கிடையாது.

"அக்கா, கூட்டுனா எட்டு வருதுங்க. ஊட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறாங்க," என்று ஒருவர் வந்து நிற்பார்.

"எட்டுக்கு என்னங்க குறைச்சல்? ரெண்டுல போகும், நாலுல போகும். நெம்பத் தங்கமான எண்ணுங்க. ஏழு வந்துருந்தாத்தான் நான் யோசிச்சிருப்பேன், அது யாரோடயும் ஒட்டாது."

வந்தவர் ஜோசியம் கேட்ட திருப்தியோடு போவார். அவள் சொன்னது ஜோசியமே இல்லை, வெறும் வகுத்தல். பங்கு போடும்போது ஒழுங்காகப் பிரிந்து கொடுக்கும் எண் நல்ல எண். முரண்டு பிடிப்பது கெட்ட எண். ஜாதகம், கிரகம் எதுவும் அவள் கணக்கில் வராது.

சித்ரகலாவுக்கு நாற்பது வயது. மங்கலத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, பிளஸ் டூவில் கணக்கில் மட்டும் ஊரே பேசும்படி மார்க் வாங்கி, மற்றப் பாடங்களில் யாரும் வாய் திறக்காதபடி வாங்கி, நேரே பேக்கிங் வேலைக்கு வந்தவள். இப்போது அந்த செக்சனுக்கே அவள்தான் இன்சார்ஜ். "காலேஜ் போயிருந்தா எங்கியோ போயிருப்பே" என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும். எண்கள் என்ன காலேஜில் மட்டுமா குடியிருக்கின்றன? தைத்து வந்த பனியனை இத்தனை இத்தனையாக மடித்துப் பையில் போட்டு, பையைப் பெட்டியில் அடுக்கி, பெட்டியை லாரியில் ஏற்றுவதும் வகுத்தல்தானே. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவருக்கு மூன்று மூன்றாக வேண்டும், இன்னொருவருக்கு ஐந்தைந்தாக. வாரத்துக்கு ஏழு நாள் என்று ஏழேழு ஜட்டியாகக் கேட்ட புண்ணியவானும் உண்டு. எப்படிப் போட்டாலும் கடைசியில் இரண்டோ மூன்றோ மேஜையில் அநாதையாகக் கிடக்கும். அந்த மீதியைக் கண்டால்தான் சித்ரகலாவுக்கு ஆகாது. சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி முகம் போகும்.

அதனால்தான் அவள் ஓர் எண்ணைத் தேட ஆரம்பித்தாள். பையர் எத்தனை எத்தனையாகக் கேட்டாலும் மீதியே வராத எண். ஒன்று முதல் பத்து வரை எதில் வகுத்தாலும் சமமாகப் பிரிய வேண்டுமா, 2,520 போதும். பதினொன்றையும் சமாளிக்க வேண்டுமானால் 27,720. பன்னிரண்டு அதிலேயே ஓசியில் வந்துவிடும். பதிமூன்றுக்காகப் பெருக்கினால் 3,60,360. அதில் பதினான்கும் பதினைந்தும் சொல்லாமலே அடக்கம். பதினாறுக்காக அதையும் இரட்டித்தால் வந்து நிற்கிறது 7,20,720.

அந்த எண்ணை முதன்முதலாகக் கண்ட அன்று அவள் பஸ்ஸில் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அவிநாசி வரை போய்விட்டாள். எழுநூற்று இருபதைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை எழுதினால் அந்த எண். எந்த மூன்று இலக்க எண்ணையும் அப்படி இரட்டையாக எழுதினால் அது ஆயிரத்தொன்றால் பெருக்கியதற்குச் சமம். ஆயிரத்தொன்று என்பதோ ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றையும் பெருக்கியது. ஊரில் யாரோடும் சேராத மூன்று முரடர்களும் ஒரே வீட்டில் சம்பந்தம் பண்ணிக்கொண்ட மாதிரி! மொத்தம் இருநூற்று நாற்பது எண்களால் அதை மீதியில்லாமல் பிரிக்கலாம். பதினேழு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து மிஞ்சியது. அன்றிலிருந்து பதினேழோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

இத்தனை பெட்டிகளை அனுப்பியவள் கடலைப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பெட்டியின் நெற்றியில் கப்பல் வழி என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறாள், தூத்துக்குடி லாரிக்குக் கை காட்டி வழியனுப்புகிறாள், அத்தோடு சரி. ராமேஸ்வரம் போகத் துணிமணி எடுத்து வைக்கும்போதெல்லாம் ஏதாவது அவசர ஷிப்மெண்ட் வந்து கழுத்தைப் பிடிக்கும். செக்சனில் மற்றவர்கள் கதையும் அதுதான். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கடலோரத்துக்காரி. "கடல் நெம்பச் சத்தம், நெம்ப உப்பு," என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவள் சொல்வதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வாய் பிளந்து கேட்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. குழந்தைகளுக்கான பனியன், சுமார் ஏழு லட்சத்து இருபதாயிரம். சரியான எண்ணிக்கையைக் கம்பெனியே முடிவு செய்து பையரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் மாற்ற முடியாது. அந்தப் பையரின் கிடங்கில் மனிதர்களே இல்லை, எல்லாம் மெஷின். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால்தான் உள்ளே விடும். ஒரு பெட்டியில் ஒரு பீஸ் கூடவோ குறையவோ இருந்தால் மொத்தத்தையும் வெளியே துப்பிவிடும்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி பேக்கிங் செக்சனுக்கே வந்து நின்றார். "ஏனம்மிணி, எத்தனைன்னு போடலாம்?"

சித்ரகலாவுக்கு நாக்கு நுனியிலேயே இருந்தது. "ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபதுங்க. அதைப் போட்டீங்கன்னா எந்தப் பெட்டிக்கும் நான் பொறுப்புங்க."

"ஒரு பீஸ் மீதியில்லாம இந்த ஷிப்மெண்ட் போச்சுன்னு வெய்யி, பேக்கிங் செக்சன் அல்லாரையும் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம பெட்டி போற கடலை நாமளும் பார்க்கோணுமில்ல?"

செக்சன் அதிர்ந்தது. மேஜையைத் தட்டியவர்கள், விசிலடித்தவர்கள், டேப்பைச் சுழற்றி மேலே எறிந்தவர்கள். பேக்கிங்கில் மூத்தவளான ஷரீபுன்னிசா அன்று மாலையே கடலுக்கென்று ஒரு பிளாஸ்டிக் செருப்பு வாங்கிவிட்டாள். மீதி வராது என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. சித்ரகலா சொன்னால் சொன்னதுதான்.

இந்த இடத்தில் முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஈஸ்வரமூர்த்தி எதையும் சுழியில் முடிக்க மாட்டார். மொய் எழுதினால் கடைசியில் ஒன்று சேர்ப்பது நம் எல்லோருக்கும் வழக்கம்தான். அவருக்கு வாழ்க்கையே மொய். தையல் மெஷின் நூறு வாங்கினால் போதும் என்றபோது நூற்றியொன்று வாங்கினார். அந்த நூற்றியோராவது மெஷினில் யாரும் உட்காருவதில்லை. அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் பூப் போடுவார்கள். பழம் வாங்கினால் பதினொன்று, போண்டா வாங்கினால் இருபத்தொன்று. சுழியில் முடித்தால் அத்தோடு முடிந்துபோகும், ஒன்று சேர்த்தால்தான் மேலே வளரும் என்பது அவர் கட்சி.

நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, தன் கையாலேயே எண்ணைப் பதிந்தார். பதிந்துவிட்டு வாழைப்பழம் சாப்பிடப் போய்விட்டார்.

அன்று மதியம் ஆர்டர்களைக் கவனிக்கும் மோகன்ராஜ், பெட்டிக்கு எத்தனை பீஸ் என்பதைப் பதிய உட்கார்ந்தான். எழுபத்திரண்டு என்று போட்டான். ஆறு டஜன், இந்தத் தொழிலின் ராஜா. கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் முறைத்தது. அறுபது போட்டான், சிவப்பு. நாற்பத்தெட்டு, முப்பத்தாறு, இருபத்து நான்கு. எல்லாம் சிவப்பு. படியில் இரண்டிரண்டாகத் தாவி பேக்கிங்குக்கு ஓடி வந்தான்.

"அக்கா, உங்க எண்ணு எதுக்குமே மசிய மாட்டேங்குதுங்க!"

"என்ற எண்ணா?" சித்ரகலா சிரித்துவிட்டாள். தங்கமான பிள்ளையைப் பற்றி யாரோ கோள் சொல்வது போல இருந்தது. மேலே போய்த் திரையைப் பார்த்தாள். கடைசி இலக்கத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. 7,20,721.

முதலாளிக்கு ஆள் போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி பெருமையோடு வந்தார். "ஆமா அம்மிணி, நாந்தான் ஒண்ணு சேர்த்தேன். இத்தனை பெரிய காரியத்தைச் சுழியில முடிக்கலாமா?"

"ஐயோ மொதலாளி!" சித்ரகலா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அது எதுல வகுத்தாலும் மீதியே வராத எண்ணுங்க. அதுமேல ஒண்ணைச் சேர்த்தா, எதுல வகுத்தாலும் ஒண்ணு மீதி வருமுங்க. ரெண்டுல போட்டா ஒண்ணு மீதி, மூணுல போட்டா ஒண்ணு மீதி, டஜன்ல போட்டாலும் ஒண்ணு மீதி. இது பகா எண்ணுங்க. யாருக்கும் பங்கு குடுக்காது."

ஈஸ்வரமூர்த்தியின் முகம் சுருங்கிப்போனது. பையருக்குப் போன் போட்டார்கள். அங்கே எல்லோரும் புத்தாண்டு லீவில் இருந்தார்கள். மெஷின் மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. மாலை ஐந்துக்குள் பெட்டிக் கணக்கு வராவிட்டால் ஆர்டரே ரத்து என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது.

"பெட்டிக்கு ஒரே ஒரு பனியன் போட்டா மீதி வராதுங்களே," என்றான் மோகன்ராஜ்.

"ஏழு லட்சம் பெட்டிக்கு எங்கப்பன் ஊட்டுலயா எடம் இருக்குது?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"அல்லாத்தையும் ஒரே பெட்டில போட்டா?"

சித்ரகலா பார்த்த பார்வையில் அவன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதற்குமேல் யாரும் ஒரு எண்ணையும் போட்டுப் பார்க்கவில்லை. சித்ரகலாவே முடியாது என்று சொன்ன பிறகு கால்குலேட்டரைத் தொட யாருக்கு மனசு வரும்? அவளும் தொடவில்லை. தனக்குத் தெரிந்த எண்ணைத் தன்னைவிட நன்றாக யார் அறிவார்கள் என்ற இறுமாப்பு, பாவம்.

கீழே போய் விஷயத்தைச் சொன்னாள். ஷரீபுன்னிசா, புதுச் செருப்பை வைத்திருந்த பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள். அதைப் பார்த்ததும் சித்ரகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடல் போச்சு. தன் கண்ணெதிரே, தான் கொண்டாடிய எண்ணாலேயே போச்சு.

"இந்த எழுபது பேருக்கும் ஆளுக்கு இத்தனைன்னு பிரிச்சுக் குடுத்தாலும் ஒண்ணு மீதிதானுங்க அக்கா," என்று ஷரீபுன்னிசாவிடம் சொன்னாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அதுவும் உண்மைதான். எழுபதால் வகுத்தால் சரியாக ஒன்று மிஞ்சும்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு பெரிய தட்டு வந்தது. செய்த காரியத்துக்குப் பிராயச்சித்தமாக முதலாளி போண்டா அனுப்பியிருந்தார். அவள் எழுந்து பங்கு போட்டாள். துக்கத்திலும் அந்த வேலையை அவள் பிறருக்கு விட மாட்டாள். காலையில் தலை எண்ணும் அதே வரிசையில் மேஜை மேஜையாகப் போய், ஆளுக்கு ஒன்று கையில் வைத்தாள். எழுபதாவது ஆளாக ஷரீபுன்னிசாவுக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு போண்டா உட்கார்ந்திருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பாருங்க! இங்கியும் அந்த மனுசன் ஒண்ணு சேர்த்து அனுப்பியிருக்காரு! இங்கியும் ஒண்ணு மீதி!"

ஷரீபுன்னிசா போண்டாவைக் கடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மீதியெல்லாம் இல்ல கண்ணு. நீ இன்னும் திங்கல."

சித்ரகலா தட்டைப் பார்த்தாள். செக்சனைப் பார்த்தாள். எழுபது வாய்கள் மென்றுகொண்டிருந்தன. இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் எழுபது என்று எண்ணிவிட்டு மேலே போய்ச் சொல்கிறாள். எண்ணுகிறவளை ஒருநாளும் அவள் எண்ணியதில்லை.

"எழுபத்தொண்ணு," என்றாள்.

இதில் தர்க்கம் ஒன்றும் இல்லை. போண்டா எழுபத்தொன்றில் பிரிந்ததால் பனியனும் பிரிய வேண்டும் என்று எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பெட்டிக்கு எழுபத்தொரு பீஸ் என்று இந்த ஊரில் எவரும் கட்டியதும் இல்லை. எல்லோரும் டஜனில் ஊறியவர்கள். ஆனாலும் அவள் எண்ணெய்க் கையோடு கால்குலேட்டரை எடுத்தாள். தட்டினாள். புள்ளி வரவில்லை. 10,151 என்று வந்து சும்மா நின்றது.

நம்பிக்கையில்லாமல் அட்டைப்பெட்டியின் முதுகிலேயே எழுதிப் போட்டாள். பத்தாயிரம் பெட்டிக்கு ஏழு லட்சத்துப் பத்தாயிரம். பாக்கி பத்தாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. நூற்றைம்பது பெட்டிக்குப் பத்தாயிரத்து அறுநூற்று ஐம்பது. பாக்கி எழுபத்தொன்று. அது ஒரு பெட்டி.

"போகுதுங்க!" என்று கத்தினாள். "எழுபத்தொண்ணுல போகுதுங்க! பகா எண்ணு இல்லீங்க, நாந்தான் பொய் சொல்லீட்டேன், எழுபத்தொண்ணுல போகுதுங்க!"

தான் தப்பு என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஷரீபுன்னிசாவின் கையைப் பிடித்து அவள் சுற்றிய சுற்றில் தட்டு உருண்டது. படியேறி ஓடினாள். மோகன்ராஜ் எழுபத்தொன்று என்று போட்டான். கம்ப்யூட்டர் பச்சையாகச் சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான் நான் ஒண்ணு சேர்த்தேன்," என்றார். அவரை அடிக்காமல் விட்டது அவர்கள் செய்த புண்ணியம்.

எழுபத்திரண்டு போட்டுப் பழகிய கைகளைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெட்டி பழைய பெட்டிதான். ஒவ்வொன்றிலும் ஓர் இடம் காலியாக இருக்கும், கை தன்னால் அங்கே ஒரு பனியனை வைக்கப் போகும். "எழுபத்தொண்ணு, எழுபத்தொண்ணு" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே கட்டினார்கள். ஒடிசாப் பெண் அதற்கு ஒரு மெட்டே போட்டுவிட்டாள். கடைசிப் பெட்டியை மூடியபோது மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பீஸ் மீதியில்லை.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டு பஸ்கள் பிடித்தார். சித்ரகலாவின் பஸ் நம்பர் பதினேழில் முடிந்தது. அதை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் ஏறினாள். வழியெல்லாம் பாட்டு, புளிசாதம், வாந்தி, மறுபடி பாட்டு.

கடலை அவள் முதலில் வானம் என்றுதான் நினைத்தாள். அது அசைந்தபோதுதான் தெரிந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. தன் பெட்டிகள் அதில் இல்லை, அவை எப்போதோ போய்விட்டன என்று தெரிந்தும் அதைப் பார்த்துக் கையாட்டினாள். அதற்குள் மற்றவர்கள் கூச்சலோடு தண்ணீருக்குள் ஓடிவிட்டார்கள். ஷரீபுன்னிசா புதுச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். நனைந்துவிடுமாம்.

சித்ரகலாவுக்குப் பகீரென்றது. இத்தனை பேரும் அவள் பொறுப்பு. கரையில் நின்று விரலை நீட்டித் தன் செக்சன் தலைகளை எண்ணினாள். எழுபது. மறுபடி எண்ணினாள். எழுபதுதான். வந்தது எழுபத்தொரு பேர்!

"அக்கா!" என்று அலறினாள். "ஒரு ஆளைக் காணோமுங்க! அலை இழுத்துட்டுப் போயிருச்சுங்க! எழுபதுதான் இருக்குது!"

ஷரீபுன்னிசா திரும்பிப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த எழுபத்தொண்ணாவது ஆளு இன்னும் தண்ணியத் தொடாம கரைல நின்னு கத்தீட்டிருக்குது கண்ணு," என்றாள். "அதையும் எறங்கி வரச் சொல்லு!"

சித்ரகலா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். பெரிய அலை ஒன்று வந்து அவளை இடுப்பு வரை நனைத்து, நிலைதடுமாற வைத்து, வாயில் உப்பை ஊற்றிவிட்டுப் போனது. அவள் எழுந்து நின்று, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, மறுபடி எண்ண ஆரம்பித்தாள். இந்த முறை விரலை முதலில் தன் நெஞ்சில் வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.